தொட்டிச் சாவியும் மும்பை அதிகாரியும்

போன வருடம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ராயபுரத்தில் என் சொந்த வீட்டில், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நான் கைது செய்யப்பட்டேன். இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். நான் தனிக்கட்டை. தெருவில் எல்லோரும் என்னை ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டீச்சர் இல்லை என்று வந்த புதிதிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவில் முக்கால்வாசி கடலுக்குப் போகிற குடும்பங்கள். நல்ல ஜனங்கள்தான், ஆனால் சத்தம் ஜாஸ்தி. பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது. ஒரு வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தால் நாலாவது வீட்டுக்குத் தெரியும். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். அந்தப் பக்கம் ஒருவர் கேட்கிற கேள்விக்கு இந்தப் பக்கம் தெருவே பதில் சொல்லும். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு இது கடைசிவரை பழகவில்லை. ‘தட்டிட்டு உள்ள வாங்க’, ‘மெதுவாப் பேசுங்க’ என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. நான் மட்டும் எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பேன்.

என் மகளும் அதைத்தான் ஓதுவாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரு வகுப்பு எடுப்பாள். “அம்மா, யாராவது ஓடிபி கேட்டா சொல்லாத. பாங்க் விஷயம் பேசறப்ப கதவைச் சாத்திக்கோ. அந்தத் தெருக்காரங்க காதுல விழாமப் பேசு.” நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்பேன். அதோடு நிறுத்தாமல், எங்கள் தெருப் பெண்களுக்கும் தண்ணீர் வரிசையில் நின்றபடி அதே பாடத்தை எடுப்பேன். ஓடிபி என்றால் என்ன என்று நான் விளக்கிய அழகை இன்னமும் எதிர்வீட்டுக்காரி நடித்துக் காட்டுவாள்.

தண்ணீர் வரிசை என்றேன் அல்லவா, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய கறுப்புத் தொட்டி இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை லாரி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். நாங்கள் கண் அசந்த நேரம் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று மேல் மூடிக்கும் கீழே குழாய்க்கும் பூட்டுப் போட்டுவிட்டோம். சாவி முதலில் காயலான் கடை பாயிடம் இருந்தது. என் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், பாய் அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “நீங்கதான் கரெக்டா இருப்பீங்க டீச்சரம்மா” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இருந்த பூட்டு சரியில்லை என்று என் சொந்தச் செலவில் திண்டுக்கல் பூட்டு இரண்டு வாங்கி மாட்டினேன். சம்மட்டியால் அடித்தாலும் அசையாது. சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பேன். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆள் வேறெங்காவது போயிருந்தால், குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். அவ்வளவு கறார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பதிவு செய்யப்பட்ட குரல். உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சல் பிடிபட்டிருக்கிறது, விவரம் அறிய ஒன்பதை அழுத்தவும் என்றது. அழுத்தினேன். ஒரு பெண் இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஏதோ பேசிவிட்டு, தமிழ் தெரிந்த மேலதிகாரியிடம் கொடுப்பதாகச் சொன்னாள். அடுத்த நிமிடம் வீடியோவில் ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரங்கள், பின்னால் கொடி, மேசை நிறையக் கோப்புகள். மும்பைப் போலீஸ் என்றார்.

நான் படக்கென்று எழுந்து நின்றேன். முப்பத்தொரு வருடப் பழக்கம். சத்துணவுக் கூடத்துக்கு ஆய்வுக்கு வருகிற அதிகாரி முன்னால் நாங்கள் உட்கார்ந்ததே கிடையாது. போனை ஊறுகாய் பாட்டில் மீது சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, “வணக்கம் சார், காபி சாப்பிடறீங்களா?” என்று கேட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “விளையாடுகிறீர்களா?” என்றார்.

என் ஆதார் அட்டையைக் காட்டி யாரோ அனுப்பிய பார்சலில் போதைப்பொருளும் கள்ளப் பாஸ்போர்ட்டும் இருந்ததாம். என் ஆதாரின் கடைசி நாலு எண்களைச் சரியாகச் சொன்னார். துறைமுகக்காரர் பெண்டாட்டி ஆயிற்றே, “ஹார்பர்ல எந்த கேட்டுல சார் பிடிச்சாங்க?” என்று மட்டும் கேட்டேன். கேட்டைப் பற்றியெல்லாம் நான் கேட்கக் கூடாதாம். விசாரணை முடியும்வரை நான் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறேனாம். போனை அணைக்கக் கூடாது. அவர் கண்ணை விட்டு நகரக் கூடாது. கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டும். முக்கியமாக, ஒரு ஆளிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்களும் குற்றவாளிகள். மகளிடம் சொன்னால் மகள், மருமகனிடம் சொன்னால் மருமகன்.

மருமகன் வேலைக்குப் போன இடத்தில் போலீஸ் போய் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு வேறெதுவும் யோசிக்க வரவில்லை. வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு, போனையும் அதைச் சாய்த்து வைக்க ஊறுகாய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உள் அறையில் போய் உட்கார்ந்தேன். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கட்டிலில் மடிக்காமல் கிடந்த துணிகளுக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். சாம்பாரை இறக்கி வைக்க அனுமதி கேட்டேன். “ஒரு நிமிடம்தான்” என்றார். அதற்கும் நன்றி சொன்னேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி. பிறகு குரலைத் தணித்து, என்னைப் பார்த்தால் தப்பு செய்தவளாகத் தெரியவில்லை, தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்றார். என் பணம் முழுவதையும் ஒரு அரசாங்கக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அது நேர்மையான பணம்தானா என்று பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் கணவருக்குத் துறைமுகத்தில் கடைசியாக வந்த தொகை. வைப்பு நிதியில் போட்டிருந்தேன். கால் வலி முற்றி நடக்க முடியாமல் போனால் மகளிடம் கையேந்தாமல் இருக்க அதை நம்பித்தான் இருக்கிறேன்.

இவ்வளவுக்கும் எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. இவர் ஓடிபி கேட்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கடைசிவரை கேட்கவே இல்லை. அதனாலேயே இவர் நிஜமான அதிகாரிதான் என்று முடிவு கட்டினேன்!

போனில் வைப்பு நிதியை முடித்துப் பணத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்ற அவரே சொல்லிக் கொடுத்தார். இங்கே தொடுங்கள், இப்போது மேலே தள்ளுங்கள், அவசரமில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள் என்று அவ்வளவு பொறுமை. என் மகள் ஒருநாளும் எனக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறகு பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாவது எண்ணை எழுதும்போது தெருவில் ஹாரன் அலறியது.

தண்ணீர் லாரி.

“என்ன சத்தம்?” என்றார்.

“தண்ணி லாரி சார். திங்கக்கிழமை வரவேண்டியது. இன்னிக்கு வந்திருக்கு.”

“நீங்கள் அசையக் கூடாது. ஏழாவது எண் எழுதுங்கள்.”

எழுத முடியவில்லை. லாரி வந்து மூன்று நாள் ஆகிறது, தெருவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. லாரிக்காரர் ஐந்து நிமிடம் பார்ப்பார், மூடி திறக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டே இருப்பார். சாவி என் இடுப்பில். தெருப்பக்க ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று மெல்ல எடுத்தேன்.

“கையில் என்ன?”

“சாவி சார்.”

அவர் முகம் திடீரென்று மலர்ந்தது. “எந்த லாக்கர் சாவி?”

“லாக்கர் இல்ல சார். தொட்டி.”

“தொட்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?”

“இப்ப ஒண்ணும் இல்ல சார். லாரி ஊத்தினாத்தான்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அதற்குள் வாசற்கதவை யாரோ இடித்தார்கள். எதிர்வீட்டுக்காரியின் குரல். என் வயதுதான் அவளுக்கும். காசிமேட்டில் மீன் விற்கிறவள். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

“டீச்சரம்மா! இன்னாம்மா பண்ணிகினு கீற உள்ள? லாரி வந்துகீது, தொறம்மா!”

அதிகாரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். வெளியே இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. மீன்பிடித் தடைக்காலம் வேறு. போட்டெல்லாம் கரையில் கிடந்தன, ஆண்கள் எல்லோரும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு என் வீட்டுக் கதவுதான் அன்றைய வேலை. “பதில் சொல்லாதீர்கள்! சொன்னால் சிறை!” என்று அதிகாரி அடிக்குரலில் அதட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. அந்தக் குரல் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

கதவை இடித்த சத்தம் நின்றது. பிறகு எதிர்வீட்டுக்காரி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: “ஐயோ, உள்ள ஆம்பள கொரல் கேக்குதுடி!”

அவமானத்தில் என் உயிரே போய்விட்டது. முப்பத்தைந்து வருடம் நான் காப்பாற்றிய மானம் அது. எழுந்து கதவைத் திறக்கப் போவதற்குள் நாலு பேர் தோளைக் கொடுத்து ஒரே மோதாக மோதினார்கள். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போய் என் செருப்பு மேல் விழுந்தது. முதலில் எதிர்வீட்டுக்காரி, இடுப்பில் காலிக் குடம், கையில் மீன் அரிகிற அரிவாள்மனை. அவள் பின்னால் காயலான் கடை பாய், பாய்க்குப் பின்னால் தெரு.

“எங்க அவன்?” என்றாள்.

நான் போனைக் காட்டினேன். “நான் அரெஸ்ட்ல இருக்கேன். யாரும் உள்ள வராதீங்க. உங்க மேலயும் கேஸ் வந்துடும்” என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

இந்த இடத்தில் அவர்கள் பயந்து ஓடியிருப்பார்கள் என்றோ, இது மோசடி என்று கண்டுபிடித்தார்கள் என்றோ நினைக்காதீர்கள். இரண்டும் இல்லை. எதிர்வீட்டுக்காரி குனிந்து போனுக்குள் பார்த்தாள். தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தாள். அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“கும்பிடறேன் சார். பெரிய ஆபீசரா நீங்க? நல்லதாப் போச்சி. எங்க தெருவுல கால்வா அடைச்சிகினு ரெண்டு மாசம் ஆவுது சார். எத்தினி வாட்டி மனு குடுக்கிறது?”

“ஏய், யார் நீ? போனைக் கொடு அவரிடம்!”

“அவங்க எங்கியும் போவல சார், இங்கதான் கீறாங்க. நீ கால்வா கதைக்கு வா.”

அதற்குள் இன்னொருத்தி எட்டிப் பார்த்து, பக்கத்துத் தெருக்காரர்கள் தண்ணீர் திருடுவதைச் சொன்னாள். கண்டெய்னர் லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் தெருவை அடைப்பதை ஒருவர் சொன்னார். ஒருவருக்குப் பாஸ்போர்ட் விசாரணை நின்றுபோயிருந்தது. பெட்டிசன் எழுதிக் கால் தேய்ந்த ஜனங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய அதிகாரி, எழுந்து போக முடியாதபடி அவர்கள் எதிரில் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். விடுவார்களா?

அவர் கத்தினார்: “நீங்கள் எல்லோரும் கைது! இந்தத் தெருவே கைது!”

“எல்லாரையுமா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி, பின்னால் திரும்பித் தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு. “அப்ப ரெண்டு வண்டி அனுப்பு சார். ஒண்ணு பத்தாது. தண்ணி புட்ச்சிட்டு வந்துடறோம்.”

கூட்டம் வழியை அடைத்ததால் கிளம்பவும் முடியாமல் ஹாரனை அடித்து அடித்து அலுத்துப்போன லாரி டிரைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் போனுக்கு முன்னால் குனிந்தார். “சார், உங்களால எனக்குக் கால் மணி நேரம் லேட்டு. நீங்களே டிப்போவுக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க சார், நான் சொன்னா நம்ப மாட்டாங்க” என்றார்.

திரை கறுத்துவிட்டது.

“பாத்தியா, இவனும் கட் பண்ணிட்டான்” என்று எதிர்வீட்டுக்காரி நொந்துகொண்டாள். “மனுன்னா போதும், எல்லா ஆபீசரும் ஒரே மாதிரிதான்.”

நான் அப்போது செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர்களைப் பார்த்துக் கையை நீட்டித் திட்டினேன். உங்களால் என் குடும்பமே நாசமாகப் போகிறது, நாகரிகம் தெரியாத ஜனங்கள், ஒரு மனுஷி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் உங்களுக்குப் பொறுக்காதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பாய் மட்டும், “டீச்சரம்மா, இது ஏதோ போங்கு மாதிரி கீது” என்று மெல்ல இழுத்தார். பழைய இரும்பு எடை போடுகிறவருக்கு மும்பை விவகாரம் என்ன தெரியும் என்று அவர் வாயையும் அடைத்தேன். பிறகு தொட்டியைத் திறந்துவிட்டேன். அழுதுகொண்டேதான் நின்றேன். ஆனாலும் வரிசையில் முந்திய ஒரு குடத்தை எடுத்து ஓரமாக வைக்க மறக்கவில்லை.

தண்ணீர் பிடித்து முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். அதிகாரியின் பேச்சை மீறியாகிவிட்டது. அவர்கள் ஓசூருக்குப் போவதற்குள் நானே போய்ச் சரணடைந்துவிட்டால் மகளையும் மருமகனையும் விட்டுவிடுவார்கள். பையை எடுத்தேன். இரண்டு புடவை, துண்டு, சோப்பு, பிரஷர் மாத்திரை, ஊறுகாய் பாட்டில். எதிர்வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு அடிதடி வழக்கில் புழல் சிறைக்குப் போய்வந்தவர் என்பதால் அவளுக்கு அந்த விவரமெல்லாம் அத்துப்படி.

“ஊறுகா பாட்டிலு எதுக்கு? கண்ணாடியெல்லாம் உள்ள உட மாட்டாங்க. பாக்கெட்டா வாங்கிக்கலாம். மாத்திரைக்கு சீட்டு எடுத்துக்க, சீட்டு இல்லாங்காட்டி புடுங்கிடுவாங்க.”

அவள் பையை அடுக்கிக் கொடுத்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் அவளைத் திட்டியதை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. கைதி தனியாகப் போகக் கூடாது என்று ஷேர் ஆட்டோவில் என்னோடு ஆறு பேர் ஏறிக்கொண்டார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் பின்னால் வந்தார்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் இருந்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, “நான் சரணடைய வந்திருக்கேன்மா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பணம் அனுப்பிட்டீங்களா?”

“இல்லம்மா. ஆறு நம்பர்தான் எழுதினேன். லாரி வந்துடுச்சு.”

காலண்டர் தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். “அம்மா, நாங்க நேர்ல வந்து கூப்பிட்டாலே யாரும் ஸ்டேஷனுக்கு வர்றதில்ல. நீங்க பையை எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. போன்ல அரெஸ்ட் பண்ற போலீஸ் இந்த நாட்டுலயே கிடையாது. அவன் திருடன்மா.”

அந்தச் சொல் மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் ஆனது. ஒரு திருடனுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். ஒரு திருடனிடம் என் கட்டில் துணிக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். புகாரைப் பதிந்துகொண்டு, கணக்கு பத்திரமாக இருக்கிறதா என்று பாங்கிலும் கேட்டுப் பார்த்தார் அந்தப் பெண் காவலர். கடைசியில், ஓய்வு பெற்ற ஒருவர், அவரும் தனியாக இருந்தவர், இதே மாதிரி இரண்டு நாள் அறைக்குள் உட்கார்ந்திருந்து எல்லாவற்றையும் இழந்துவிட்டார் என்றார். “அவர் வீட்டுக் கதவை ரெண்டு நாளா ஒருத்தரும் தட்டலம்மா” என்றார்.

திரும்பும் வழியில் எதிர்வீட்டுக்காரிக்கு ஒரே ஒரு வருத்தம்தான். “அப்ப கால்வா மேட்டரு அவ்ளோதானா?”

ராத்திரி மகள் போனில் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு ஓசூருக்கே வந்துவிடச் சொன்னாள். யோசிக்கிறேன் என்றேன். தூக்கம் வரவில்லை. தெருவுக்கே ஓடிபி பாடம் எடுத்தவள் நான். எந்த முகத்தோடு நாளை மறுநாள் தொட்டியருகில் நின்று கறார் பேசுவது?

அடுத்த லாரி வந்த அன்று, சாவியை இடுப்பிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் எதிர்வீட்டுக்காரியிடம் நீட்டினேன். எனக்கு இனிமேல் இதற்கு யோக்கியதை இல்லை, லாரி வந்தும் கதவைத் திறக்காமல் இருந்தவள் நான், இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவள் சாவியைத் தொடவே இல்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

“இத பாரு டீச்சரம்மா. உன் வூட்டுக்காரரு செத்ததுக்கு அப்பால நீ கதவ சாத்திகினு உள்ளயே கெடந்த. யாரு கூப்ட்டாலும் தொறக்கல. துன்னியா இல்லியான்னு ஒருத்தருக்கும் தெரியல. சும்மா தட்டினா திட்டுவ. அப்பதான் பாய் சொன்னாரு, தொட்டி சாவிய அவங்க கையில குடுத்துடலாம், தண்ணி வந்தா தட்டித்தான ஆவணும்னு. இப்ப சாவி எங்கிட்ட இருந்தா உன் கதவ எதுக்கோசரம் தட்றது? நீயே வெச்சிக்க.”

நான் பாயைப் பார்த்தேன். அவர் தன் கடை வாசலில் நின்று தராசுக் கல்லை எதற்கோ துடைத்துக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக, நான் கறாரானவள் என்பதால்தான் இந்தச் சாவி என்னிடம் வந்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே, அத்தனை குடங்களுக்கும் நடுவில், சத்தமாக அழுதேன். மெதுவாக அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்பறமா அழுவலாம், மொதல்ல தொற. லாரிக்காரன் கத்துறான் பாரு” என்றாள் அவள்.

ஓசூருக்குப் போகவில்லை. பிய்ந்த தாழ்ப்பாளைச் சரி செய்துவிட்டேன், ஆனால் பகலில் போடுவதில்லை. தெரியாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு, வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். மிச்சத்தைத் தெரு பேசிக்கொள்கிறது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதுதான் அந்த ஆள் எனக்கு மாட்டிய விலங்கு என்றும், அது இந்தத் தெருவில் செல்லாது என்றும் இப்போது எனக்குத் தெரியும். இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. லாரி ஹாரன் கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள்தான் நான். இப்போதெல்லாம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் வந்து என் கதவைத் தட்டட்டும் என்று.